தடுப்பூசி விவாதத்தில் ஊரோடு ஒத்துப்போகாத நிபுணரை எப்படி எடைபோடுவது?

பெர்னிஸ் எடி என்ற அறிவியலாளர் 1954இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் போலியோ தடுப்பூசியைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். கட்டர் என்ற கம்பெனி அனுப்பிய மருந்தைக் குரங்குகளுக்குப் போட்டுப் பார்த்தபோது சில குரங்குகள் முடங்கிப்போயின. செத்திருக்க வேண்டிய வைரஸ் உள்ளே உயிரோடு இருக்கிறது என்று மேலதிகாரிகளிடம் சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1955 ஏப்ரலில் தடுப்பூசி வெளியே வந்தது. அந்த ஒரு கம்பெனியின் மருந்தால் சுமார் 200 பேருக்குக் கை கால் முடங்கியது, 10 பேர் இறந்தார்கள்.

இன்னொருவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். 1998இல் லண்டனில் இருந்த இந்த டாக்டர், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று லேன்செட் ஆய்விதழில் எழுதினார், பத்திரிகையாளர்களைக் கூட்டியும் பேசினார். அந்தக் கட்டுரையை 2010 பிப்ரவரியில் லேன்செட் முழுவதுமாகத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு மே மாதம் பிரிட்டனில் அவருடைய மருத்துவர் பதிவும் ரத்தானது.

இரண்டு பேருமே படித்தவர்கள், இரண்டு பேருமே மற்றவர்கள் சொன்னதற்கு மாறாகச் சொன்னவர்கள். "டாக்டரே சொல்கிறார், அப்புறம் என்ன" என்று நம்பும் ஆளாக நீங்கள் இருந்தால் வேக்ஃபீல்டிடம் மாட்டியிருப்பீர்கள். "எல்லாரும் ஒன்று சொல்ல இவர் மட்டும் வேறு சொல்கிறாரா, தள்ளு" என்பவராக இருந்தால் எடியைத் தள்ளியிருப்பீர்கள். ஆக, இந்த இரண்டு குறுக்குவழியும் உதவாது.

கீழே இருப்பது மருத்துவம் படிக்காதவர்களுக்கான வழிமுறை. ஒரு போன், ஒரு மணி நேரம், கொஞ்சம் பொறுமை போதும். ஊசி போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்பதற்கு இதில் பதில் கிடைக்காது, அது உங்கள் உடம்பையும் ஒவ்வாமையையும் சாப்பிடும் மருந்துகளையும் தெரிந்த டாக்டரிடம் கேட்க வேண்டியது. ஒருவர் வந்து "மற்ற எல்லாரும் தப்பு, நான் சொல்வதுதான் சரி" என்றால் அந்தப் பேச்சை எப்படிச் சோதிப்பது என்பது மட்டும்தான் இங்கே.

முதல் வேலை: அவர் உண்மையில் என்ன சொன்னார்?

உங்களிடம் வந்து சேர்ந்த ஃபார்வர்டு பத்துக் கை மாறி வந்ததாக இருக்கும். எச்ஐவி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 2008இல் நோபல் பரிசு வாங்கிய லூக் மொன்டானியே, கொரோனா தடுப்பூசி போட்டவர்கள் எல்லாரும் இரண்டு ஆண்டுக்குள் இறந்துவிடுவார்கள் என்று சொன்னதாக 2021 மே மாதம் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பெருந்தொற்று நடந்துகொண்டிருக்கும்போது கூட்டம் கூட்டமாக ஊசி போடுவது தவறு, அதனால் உருமாறிய வைரஸ்கள் வருகின்றன என்பதுதான் பேட்டியில் அவர் சொன்னது. அதையும் பெரும்பாலான வைரஸ் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் அது ஆதாரம் வைத்து வாதாடக்கூடிய ஒரு கருத்து, ஃபார்வர்டில் வந்தது வெறும் புளுகு. எதை மறுக்கிறோம் அல்லது எதை நம்புகிறோம் என்றே தெரியாமல் சண்டை போடுவதில் பயனில்லை.

எனவே வெட்டி ஒட்டிய துண்டு வீடியோவை விட்டுவிட்டு முழுப் பேட்டியைத் தேடுங்கள். தேதியைப் பாருங்கள், ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன்னால் பேசியது நேற்றுப் பேசியதாகத்தான் வரும். அப்புறம் ஒரு தாளை எடுத்து அவர் சொல்வதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். அந்த வரியில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும்: எந்தத் தடுப்பூசி, எந்த வயதுக்காரர்களுக்கு, என்ன கெடுதல், எத்தனை பேரில் ஒருவருக்கு, எதோடு ஒப்பிட்டால். "தடுப்பூசி உடம்பைக் கெடுக்கும்" என்பதில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. முக்கால் மணி நேரம் பேசிய பிறகும் ஐந்தில் இரண்டைக்கூட நிரப்ப முடியவில்லை என்றால் மற்ற சோதனைகளுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, அவர் சரியா தப்பா என்று பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

என்னைக் கேட்டால் இந்த ஒரு வேலையே பாதிக் குப்பையை வடிகட்டிவிடும். எடி சொன்னது இந்தக் கம்பெனி, இந்த மருந்து, இந்தக் குரங்குகள் என்று சுருங்கிக் கிடந்தது. நல்ல எதிர்க்குரல்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், கேட்கச் சுவாரசியமாகக்கூட இருக்காது.

முழுப் பேட்டி கிடைத்ததும் அவருடைய ஆய்வுக் கட்டுரை இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வாய் ஒன்று சொல்லும், தாள் வேறு சொல்லும். வேக்ஃபீல்டின் கட்டுரையிலேயே, இந்தத் தடுப்பூசிக்கும் தாங்கள் விவரித்த நோய்க்கும் தொடர்பு இருப்பதைத் தாங்கள் நிரூபிக்கவில்லை என்று எழுதியிருந்தது. பத்திரிகையாளர் கூட்டத்தில் அவர் பேசியதோ மூன்றையும் சேர்த்துப் போடாமல் தனித்தனியாகப் போட வேண்டும் என்று.

தலைகீழாக நடப்பதும் உண்டு, நிபுணர் நிதானமாகத்தான் பேசியிருப்பார், அவர் பெயரை வைத்து மற்றவர்கள் ஆடுவார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் ஆபி கினி-பிசாவு நாட்டில் பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தவர். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்கும் சேர்த்துப் போடும் டிபிடி ஊசி போட்ட பெண் குழந்தைகளிடம் மொத்த இறப்பு கூடுதலாகத் தெரிகிறது என்று அவர் குழு எழுதியது. தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் அதை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டார்கள். அதே ஆபி, தட்டம்மை ஊசியும் காசநோய்க்கான பிசிஜி ஊசியும் அந்தந்த நோயைத் தடுப்பதற்கும் மேலாக உயிர் காக்கின்றன என்று வாதாடுபவர் என்பதை யாரும் சேர்த்து அனுப்புவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2014இல் இதை எடுத்து ஆராய்ந்தது, இருக்கும் தரவு போதாது என்று சொல்லி தடுப்பூசி அட்டவணையை மாற்றாமல் விட்டது. இது இன்னும் முழுதாகத் தீராத விவாதம், அப்படித்தான் அதைச் சொல்லவும் வேண்டும்.

சண்டை எதைப் பற்றி?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். "இந்த ஊசி ஆபத்து" என்பது ஒரு வகைச் சண்டை. "ஊசி நல்லதுதான், ஆனால் இப்போது இவர்களுக்குத் தேவையில்லை" என்பது வேறு வகை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் தடுப்பூசிப் பிரிவின் தலைவராக இருந்த மரியன் க்ரூபரும் துணைத் தலைவர் ஃபிலிப் க்ராஸும் 2021 செப்டம்பரில் வேறு சிலரோடு சேர்ந்து லேன்செட்டில் எழுதினார்கள், எல்லாருக்கும் கொரோனா பூஸ்டர் போடுவதற்கு அப்போது ஆதாரம் போதாது என்று. 2022 ஜூனில் அதே நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் புதுவகை பூஸ்டருக்கு 19 பேர் ஆதரவாகவும் 2 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். எதிர்த்த இருவரில் ஒருவர் பால் ஆஃபிட், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பூசி ஒன்றை உருவாக்கியவர்களில் ஒருவர். இவர்களையெல்லாம் "டாக்டர்களே தடுப்பூசியை எதிர்க்கிறார்கள்" என்ற பட்டியலில் போட்டுச் சுற்றவிடுகிறார்கள். உங்கள் ஆள் எந்த வகை என்று எழுதிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பட்டத்தை எப்படிப் படிப்பது?

பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைவிட, அவர் எந்த வேலையில் வருடங்களைச் செலவழித்தார் என்று பாருங்கள். இதய அறுவை சிகிச்சை நிபுணருக்கு இதயம் தெரியும். ஒரு ஊசியால் பத்தாயிரத்தில் எத்தனை பேருக்குப் பாதிப்பு வந்தது என்று பிரித்தெடுப்பது வேறு தொழில், அதற்கு நோய்ப்பரவலியல் என்று பெயர், புள்ளிவிவரக் கணக்குதான் அதில் பிழைப்பு.

நோபல் பரிசும் இந்த விதிக்கு விலக்கில்லை. பிசிஆர் சோதனையைக் கண்டுபிடித்து 1993இல் வேதியியல் நோபல் வாங்கிய கேரி முல்லிஸ், எய்ட்ஸ் நோய்க்கு எச்ஐவி காரணம் என்பதை ஏற்கவில்லை. சரி, அவர் வேதியியல்காரர் என்று விட்டுவிடலாம். பீட்டர் டியூஸ்பெர்க்? அவர் வைரஸ் ஆராய்ச்சியிலேயே பெரிய பெயர் எடுத்தவர், அவரும் அதையேதான் சொன்னார். தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ இம்பெக்கி 2000இல் அமைத்த ஆலோசனைக் குழுவில் அவர் இடம்பெற்றார். அந்த அரசு எய்ட்ஸ் மருந்துகளைத் தர இழுத்தடித்ததில் 3,30,000க்கும் அதிகமான உயிர்கள் போயிருக்கும் என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். தடுப்பூசிக் கதை இல்லைதான், ஆனால் நிபுணரின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே பட்டம் சரியான துறையில் இருந்தால், அவர் சொல்வதைக் கவனமாகக் கேட்கலாம் என்று அர்த்தம். அதற்கு மேல் அதிலிருந்து எதுவும் எடுக்க முடியாது. அடுத்து ஒன்று தேடுங்கள்: இந்தக் குறிப்பிட்ட விஷயத்தில் அவர் கையால் தரவு சேகரித்தாரா, அல்லது பிறர் சேகரித்ததைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறாரா? மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் அவர் பெயரையும் அந்த நோயின் பெயரையும் சேர்த்துத் தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எண்கள் வரும் இடம்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன், ஏனென்றால் பேச்சில் ஒரு எண் வந்தாலே நாம் மயங்கிவிடுகிறோம், எண் பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும், அதுதான் சிக்கல்.

"மருத்துவமனையில் படுத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் தடுப்பூசி போட்டவர்கள்தான்." இதை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேர், அதில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் நூற்றுக்கு 1 ஆள் மருத்துவமனைக்குப் போகிறார், அதாவது 9 பேர். போடாதவர்களில் நூற்றுக்கு 5 ஆள், அதாவது 5 பேர். வார்டில் மொத்தம் 14 பேர், அதில் 9 பேர் ஊசி போட்டவர்கள், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. வீடியோவில் சொன்னது நிஜம். ஆனால் போடாதவருக்கு ஆபத்து ஐந்து மடங்கு. நிபுணர் வார்டுக் கணக்கை மட்டும் சொல்லி, வெளியே மொத்தம் எத்தனை பேர் ஊசி போட்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் ஒன்று அவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். எதுவாக இருந்தாலும் அவர் மேல் மதிப்புக் குறைய வேண்டும்.

அடுத்தது, "அரசின் சொந்தப் பதிவேட்டிலேயே இத்தனை ஆயிரம் மரணங்கள்." அமெரிக்காவில் 1990 முதல் வேர்ஸ் என்று ஒரு பதிவு முறை இருக்கிறது. ஊசிக்குப் பிறகு எது நடந்தாலும் யார் வேண்டுமானாலும் அதில் எழுதிப் போடலாம், புகார்ப் பெட்டி மாதிரி. ஒரு டாக்டர் இதைச் சோதிப்பதற்காகவே, ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி தன்னை காமிக்ஸில் வரும் பச்சை நிற ஹல்க்காக மாற்றிவிட்டது என்று எழுதிப் போட்டார், அதுவும் பதிவாகிவிட்டது. பிறகு அதிகாரிகள் அவரைத் தொடர்புகொண்டு, அவர் சம்மதத்தோடு நீக்கினார்கள். எதையும் வடிகட்டாமல் வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. விநோதமாக ஏதாவது குவிகிறதா என்று பார்த்துவிட்டு, குவிந்தால் தனியாக ஆராய வேண்டும்.

ஏன் தனியாக ஆராய வேண்டும்? ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் எப்படியும் இறக்கிற முதிய வயதில் 10 லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் அவர்களில் ஒரு நாளைக்குச் சுமார் 270 பேர் இறப்பார்கள், வாரத்துக்குச் சுமார் 1,900. அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றினாலும், அடுத்த வாரம் 1,900 குடும்பங்கள் "ஊசி போட்ட ஏழு நாளில் போய்விட்டார்" என்று சொல்லும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஊசி போடாத அதே வயதுக்காரர்களிடம் அதே வாரத்தில் எத்தனை இறப்பு என்ற எண் இல்லாமல் அந்த 1,900க்கு எந்தப் பொருளும் இல்லை. நிபுணர் அந்த இரண்டாவது எண்ணைத் தருகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவது, கொஞ்சம் நுணுக்கமானது. ஃபைசரின் கொரோனா தடுப்பூசிப் பரிசோதனையில் இரண்டு பக்கமும் சுமார் 18,000 பேர். ஊசி போட்டவர்களில் 8 பேருக்கு நோய் வந்தது, வெறும் உப்புநீர் போட்டவர்களில் 162 பேருக்கு. அதிலிருந்து 95 சதவீதப் பாதுகாப்பு என்றார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் "உண்மையான பலன் 0.84 சதவீதம்தான், மறைத்துவிட்டார்கள்" என்றார்கள். இரண்டு எண்ணும் ஒரே தரவிலிருந்து சரியாகவே வருகின்றன. 162 எட்டாகக் குறைந்தது 95 சதவீதம். 18,000க்கும் சற்று அதிகமான பேரில் நோயிலிருந்து தப்பித்தவர்கள் 154 பேர் என்பது 0.84 சதவீதம். இந்த இரண்டாவது எண் நீங்கள் எத்தனை நாள் கவனித்தீர்கள், அப்போது நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். அங்கே பார்த்தது சுமார் இரண்டு மாதம்தான். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நோய் வரும் காலத்தில் அதே ஊசி நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காக்கும். இரண்டையும் சொல்லி விளக்குபவர் நேர்மையானவர். 95ஐ மட்டும் கூவிய அதிகாரிகளும் பாதிதான் சொன்னார்கள், 0.84ஐ மட்டும் சொல்பவரும் பாதிதான் சொல்கிறார், கூடவே "மறைத்தார்கள்" என்ற மசாலா.

கட்டுரை எங்கே இருக்கிறது, இன்னும் இருக்கிறதா?

"ஆய்வு சொல்கிறது" என்றால் அந்த ஆய்வின் தலைப்பை இணையத்தில் தேடித் திறந்து பாருங்கள். படித்துப் புரிந்துகொள்ள வேண்டாம், நான்கு விஷயம் மட்டும்: எத்தனை பேர், ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா, எங்கே வெளியானது, திரும்பப் பெறப்பட்டதா. வேக்ஃபீல்ட் பார்த்தது 12 குழந்தைகளை, ஒப்பிடும் குழு கிடையாது. 2004இல் 13 கட்டுரையாளர்களில் 10 பேர் அந்த விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். டென்மார்க்கில் அதே கேள்வியை 6,57,461 குழந்தைகளை வைத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள், எம்எம்ஆர் போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடவில்லை. 12க்கு எதிரே ஆறரை லட்சம், இதற்குப் புள்ளிவிவரம் படித்திருக்க வேண்டியதில்லை.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்குப் பப்மெட் தளத்தில் கொட்டை எழுத்தில் அறிவிப்பு இருக்கும். வீடியோவில் இன்னமும் அதைக் காட்டிக்கொண்டிருப்பவரைப் பற்றி முடிவெடுக்க வேறு எதுவும் வேண்டாம்.

ஆனால் பெரிய ஆய்விதழ் என்பதாலும் ஏமாந்துவிடாதீர்கள். 2020 மே மாதம் லேன்செட்டில், கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பற்றி வந்த பெரிய ஆய்வு, சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்தின் தரவை யாராலும் சரிபார்க்க முடியாததால் இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்து கெடுதல் என்று சொன்ன கட்டுரை அது, அதாவது அன்றைய பெரும்பான்மைப் பேச்சுக்குத் தோதானது. எந்தப் பக்கக் கட்டுரைக்கும் ஒரே சோதனைதான்.

சொன்னது நடந்ததா?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், ஏனென்றால் இதில் யாருடைய பட்டமும் தேவையில்லை. ஒருவர் காரணம் சொல்கிறார் என்றால் அதிலிருந்து ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள்.

தைமரோசல் என்ற பாதரசம் கலந்த பதப்பொருள்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் பலமாகப் பேசினார்கள். அமெரிக்காவில் 1999இல் அதை எடுத்துவிட முடிவு செய்து, 2001க்குள் சில ஃப்ளூ காய்ச்சல் ஊசிகள் தவிர குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகளிலிருந்து நீக்கினார்கள். காரணம் அதுதான் என்றால் அடுத்து பிறந்த குழந்தைகளிடம் ஆட்டிசம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கண்டறியப்படும் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போனது. சொன்னவர்களில் சிலர் ஒதுங்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் சில ஊசிகளில் சேர்க்கும் அலுமினியத்துக்குத் தாவினார்கள், அப்புறம் "குறைந்த வயதில் அதிக ஊசி" என்றார்கள். குற்றவாளி மாறிக்கொண்டே இருக்கிறார், தீர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரே ஸ்காட் ஹால்ஸ்டெட். டெங்கு ஆராய்ச்சியில் பல பத்தாண்டுகள் கழித்தவர். டெங்கு ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை டெங்கு மறுபடி வரும்போது சில சமயம் முதல் முறையைவிடக் கடுமையாக இருக்கும், முதல் முறை உருவான எதிர்ப்பான்களே வைரஸுக்கு உதவிவிடுகின்றன என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர். சனோஃபி நிறுவனத்தின் டெங்வேக்ஸியா என்ற டெங்குத் தடுப்பூசி வந்தபோது அவர் பயந்தது இதைத்தான்: டெங்குவே வராத குழந்தைக்கு இந்த ஊசி முதல் தொற்று மாதிரி வேலை செய்தால், பின்னால் நிஜ டெங்கு வரும்போது கடுமையாகிவிடும்.

வெறும் பயமாக அதைச் சொல்லவில்லை. 2015இல் கம்பெனி தரப்பே வெளியிட்ட முடிவுகளில் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளில் மூன்றாம் ஆண்டில் டெங்குவோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், ஊசி போட்டவர்களில் 15 பேர், போடாதவர்களில் 1 ஆள். ஊசி போட்ட குழு இரண்டு மடங்கு பெரியது, அதைக் கழித்துப் பார்த்தாலும் ஏழு மடங்குக்கு மேல். சிறு வயதுதான் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு 9 வயதுக்கு மேல் போட அனுமதி வாங்கினார்கள். ஹால்ஸ்டெட், வயது காரணமில்லை, முன்பு டெங்கு வந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் காரணம், எனவே டெங்கு வராத 9 வயதுக் குழந்தைக்கும் ஆபத்து உண்டு என்றார். தப்பாக இருந்தால் தப்பு என்று தெரிந்துவிடும்படியான பேச்சு இது. பிலிப்பைன்ஸில் 2016 ஏப்ரலில் பள்ளிகளில் போட ஆரம்பித்து 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டார்கள். அங்கேயும் மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் எச்சரித்தார்கள். 2017 நவம்பரில் கம்பெனியே தன் தரவை மறுபடி ஆராய்ந்து, முன்பு டெங்கு வராதவர்களுக்குக் கடுமையான நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று அறிவித்தது. ஏற்கெனவே வந்தவர்களுக்குப் பலன் தருகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், முன்பு தொற்று இருந்ததா என்று சோதித்துப் பார்த்துப் போடுவதே நல்லது என்று மாற்றிக்கொண்டது.

அடுத்து நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பிலிப்பைன்ஸில் தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக ஒப்புக்கொண்டவர்கள் 2015இல் 93 சதவீதம், 2018இல் 32 சதவீதம் என்று ஒரு கணக்கெடுப்பு காட்டியது. 2019இல் அங்கே தட்டம்மை பெரிய அளவில் வெடித்தது. ஹால்ஸ்டெட் தட்டம்மை ஊசியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு ஊசி, ஒரு வகைக் குழந்தை என்று அவர் அளந்து சொன்ன எச்சரிக்கையை மற்றவர்கள் எல்லா ஊசிக்கும் இழுத்துவிட்டார்கள். உங்கள் நிபுணர் ஒரு ஊசியில் நடந்த நிஜமான தவறைச் சொல்லிவிட்டு அப்படியே எல்லாத் தடுப்பூசிகளுக்கும் தாவுகிறாரா என்று கவனியுங்கள். அந்தத் தாவல் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் நடந்து முடிந்துவிடும்.

பணம்

இரண்டு பக்கமும் பாருங்கள். வேக்ஃபீல்ட், தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிடம் பணம் வாங்கியிருந்ததையும், தனியாக ஒரு தட்டம்மை ஊசிக்குக் காப்புரிமை கேட்டிருந்ததையும் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர்தான் வெளியே கொண்டுவந்தார். ஆஃபிட்டுக்கும் அவர் உருவாக்கிய ஊசியிலிருந்து பணம் வந்தது, அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பணம் வாங்கினார் என்பதால் சொன்னது பொய்யாகிவிடாது, ஆனால் மறைத்து வாங்கினார் என்றால் மற்றதையும் துருவ வேண்டும். வீடியோவின் கடைசியில் எதையாவது விற்கிறாரா என்றும் பாருங்கள், சத்து மாத்திரை, நச்சு நீக்கும் பவுடர், மாதச் சந்தா, எதுவாக இருந்தாலும்.

"எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள்" என்றால்

இதை உடனே சிரித்து ஒதுக்க முடியாது, எடிக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு எப்படி ஒதுக்குவது? ஆனால் பின்னாளில் பக்கவிளைவுகள் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்று பாருங்கள். ரோட்டாஷீல்ட் என்ற ரோட்டா வைரஸ் தடுப்பூசி 1998 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டதாக, மேலே சொன்ன அதே வேர்ஸில் 15 பதிவுகள் வந்தன. 1999 ஜூலையில் போடுவதை நிறுத்தச் சொன்னார்கள், அக்டோபரில் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டது. ஆபத்து சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கு. அடுத்து வந்த ரோட்டா ஊசிகளை 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே விட்டார்கள்.

பன்றிக்காய்ச்சலுக்குப் போட்ட பாண்டெம்ரிக்ஸ் ஊசியால் சிலருக்கு அடக்க முடியாத தூக்க நோய் வருவதை 2010இல் ஸ்வீடனும் பின்லாந்தும் கண்டன, பிறகு பிற ஐரோப்பிய நாடுகளும் கண்டன. அஸ்ட்ராஜெனகாவின் கொரோனா ஊசிக்குப் பிறகு அபூர்வமாக ரத்தம் உறைவதை ஜெர்மனி, ஆஸ்திரியாவில் ஒரு குழுவும் நார்வேயில் ஒரு குழுவும் தனித்தனியே ஆராய்ந்து 2021 ஏப்ரலில் ஒரே மாதிரி விளக்கத்தோடு வெளியிட்டன. ஒருவரை ஒருவர் சாராத இரண்டு இடங்களில் ஒரே கெடுதல் தெரிவதுதான் நான் தேடுகிற அடையாளம். உங்கள் நிபுணர் சொல்லும் பாதிப்பு அவ்வளவு பெரியது என்றால், தனித்தனிப் பதிவேடு வைத்திருக்கும் பல நாடுகளில் ஒன்றிலாவது தெரிய வேண்டாமா? எங்குமே தெரியவில்லை, அதுவே சதிக்குச் சாட்சி என்று அவர் சொன்னால் அந்த வாதத்தை எதனாலும் தோற்கடிக்க முடியாது, அதனாலேயே எனக்கு அது உதவாது.

"ஆயிரம் டாக்டர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்பதும் இதே ரகம்தான். யார், எந்தத் துறை, எந்த வாசகத்துக்குக் கையெழுத்து என்று பார்க்காதவரை அது வெறும் நீளமான தாள். வேலையை விட்டுத் துரத்தினார்கள் என்பதும் அப்படியே. உண்மை சொன்னதற்காகத் துரத்தப்பட்டவர்கள் உண்டு, தப்புச் செய்ததற்காகத் துரத்தப்பட்டவர்களும் உண்டு, விசாரணை அறிக்கை இருந்தால் அதில் எந்தக் குற்றச்சாட்டு எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு

முடிவு பெரும்பாலும் "முழுதும் சரி", "முழுதும் பொய்" என்று வராது. நான் மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். ஐந்து விவரமும் இருக்கிறது, தரவு இருக்கிறது, மற்ற இடத்திலும் தெரிகிறது என்றால் அதை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகலாம், "தடுப்பூசி ஆபத்தா?" என்று கேட்காமல் "இந்த ஊசியில் இந்த வயதில் இப்படி ஒரு பாதிப்பு சொல்கிறார்கள், எனக்கு அது பொருந்துமா?" என்று கேளுங்கள், பதிலும் அதே அளவுக்குத் தெளிவாக வரும். விவரம் இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு குழுதான் சொல்கிறது என்றால் தேதி போட்டுக் குறித்து வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி தேடுங்கள், அதற்குள் யாராவது திரும்பச் செய்து பார்த்திருப்பார்கள். இதற்காக வழக்கமான ஊசியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், நோய் ஆறு மாதம் காத்திருக்காது. விவரமே இல்லை என்றால் மூன்றாவது குவியல், அதற்கு மேல் நேரம் வேண்டாம்.

அனுப்பியவருக்கு என்ன பதில் சொல்வது? "இதெல்லாம் பொய்" என்று போட்டால் அத்தோடு பேச்சு முறியும், அடுத்த வீடியோ உங்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் போகும். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன், இவர் எந்த ஊசியை, எந்த வயதுக்காரர்களுக்கு என்று சொன்னாரா, நான் பார்த்தவரை அது வீடியோவில் வரவில்லையே என்று. சிலர் பதிலே போட மாட்டார்கள். சிலர் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு, ஆமாம் அதைச் சொல்லவில்லை என்பார்கள்.